நாலாவதாக வருவேன் என்று கையடித்தவர்

சேதி வந்தபோது நான் குற்றாலத்தில் என் எண்ணெய்க் கடையில் இருந்தேன். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர், சீட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, உங்க மாப்பிள்ளை போயிட்டாரு."

"எந்த வளைவுல?" என்று கேட்டேன்.

தங்கை புருஷன் காலமானார் என்று ஒருவர் வந்து சொன்னால் ஐயோ என்றுதான் சொல்ல வேண்டும். என் வாயில் வந்ததோ அந்தக் கேள்வி. சுடலைமுத்துவை அறிந்தவர்கள் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர் ஐம்பது வயதைத் தாண்டுவார் என்று தென்காசியில் ஒருவரும் நம்பியதில்லை. நானும் நம்பியதில்லை.

"வளைவுமில்ல, பாலமுமில்ல அண்ணாச்சி. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சாராம். காப்பிக்கு எழுப்பப் போனா எழும்பல."

துக்கம் பிறகு வந்தது, நிறையவே வந்தது. ஆனால் முதலில் ஒரு பெருமூச்சுதான் வந்தது. மறைக்க மாட்டேன். தென்காசி வீட்டுக்குப் போனபோது என் தங்கை ஆவுடையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"பார்த்துக்கோ அண்ணே. முழுசா கிடக்காரு. ஒரு கீறல் இல்ல" என்றாள்.

அழுகைக்கு நடுவில் அதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை. பதினாறாம் நாள் புத்தகத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பஸ் ஷெட்டுத் தோழர்கள் கேட்டபோது, அதையே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தவன். எண்ணெய்க்காரன் எழுதியது அங்கங்கே வழுக்கும். பார்த்து நடந்து வாருங்கள்.

உங்களில் பலருக்கு அவரை ஷெட்டில் பெரிய பிட்டராகத்தான் தெரியும். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டினீர்களே, அப்போது முகமெல்லாம் கரியாக நின்று அடுப்பை ஊதியவராகத் தெரியும். நான் சொல்லப்போவது அதற்குச் சில வருஷம் முந்தி.

ஆரியங்காவுக் கணவாயில் ஒரு தோட்டத்துத் துரை மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் போய் விழுந்தார். துரை புதரில் தொங்கித் தப்பினார். வண்டி மட்டும் அடி வரைக்கும் போய்விட்டது. அதை மாட்டு வண்டியில் அள்ளிப் போட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். துரை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். ஏழு மாதம் மாப்பிள்ளை வேலை முடிந்த பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளட்சுக் கம்பி பஸ்ஸினுடையது. சீட்டு, சுரண்டையில் குதிரைச் சேணம் தைக்கிறவர் தைத்தது. ஒருநாள் அது இருமிக்கொண்டே உயிர் பெற்றது.

ஓட்டக் கற்றுக்கொள்வார் என்று பார்த்தால், ஓட்டவே இல்லை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். அதை மட்டும் தினமும் சிற்றாற்று மணலில் ஐம்பது தடவை செய்தார். அதன் பிறகு என் கடைக்கு வந்து பதினைந்து புண்ணாக்கு மூட்டைகளை இரவல் கேட்டார்.

"எதுக்குவே? எஞ்சினுக்குத் தீனி வைக்கப் போறீரா?"

"விழுகதுக்கு மச்சான். முதல்ல ஏறக் கத்துக்கிடணும். அப்புறம் விழக் கத்துக்கிடணும். ஓட்டுகது எல்லாம் அதுக்குப் பொறவுதான்."

மூட்டைகளை வளைவில் அடுக்கி வைத்துவிட்டு, வேண்டுமென்றே வந்து வந்து விழுந்தார். கையை ஊன்றாமல், உடம்பைச் சுருட்டிக்கொண்டு, வண்டியை முன்னால் போகவிட்டு விழுகிற விதம் ஒன்று உண்டாம். நான் கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே, "இன்னும் கொஞ்சம் அழகா விழும்வே" என்று சொல்லிக் கொண்டிருப்பேன். புண்ணாக்கு தூளானது. மாட்டுக்காரர்கள் தூளாகவே வாங்கிக்கொண்டார்கள்.

பந்தயம் என்றால் ஒரே ஓட்டம், முன்னால் வந்தவன் ஜெயித்தான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மலைத் தோட்டத்துத் துரைமார் கிளப்பு நடத்திய பந்தயம் அப்படியல்ல. வருஷத்துக்கு நாலு ஓட்டம். ஒன்று, கோடையில் சுரண்டைப் பக்கம் வற்றிய குளத்துக்குள்ளே. ஒன்று, கணவாய் ஏற்றத்தில், ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து. ஒன்று, வடகரைப் பக்கம் வயல்காட்டு ரஸ்தாவில். கடைசி ஓட்டம் சாரல் காலத்தில் குற்றாலத்தில் தொடங்கி, ஐந்தருவிப் பக்கம் போய், இலஞ்சி வழியாக வந்து, மூன்று சுற்று. முதலாவது வருகிறவருக்கு எட்டு மார்க்கு. பிறகு ஆறு, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. ஏழாவது வருகிறவருக்குக் கைதட்டு மட்டும். நாலு ஓட்டத்து மார்க்கையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவர் அந்த வருஷத்துச் சாம்பியன். இரண்டு பேர் சமமாக நின்றால், அதிகத் தடவை முதலாவது வந்தவருக்குக் கப்பு.

"அப்போ ஒரு தடவைகூட முதலாவது வராதவன் சாம்பியன் ஆகலாமோ?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"ஆகலாமே. நாலு தடவையும் வண்டி வீடு வந்து சேரணும், அவ்வளவுதான்."

லைசென்சு உள்ளவர் யாரும் சேரலாம் என்று விதியில் இருந்தது. நம்மவர் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில் எழுதியிருப்பார்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், டயரில் நூல் தெரியக் கூடாது, கைப்பிடி ஆடக் கூடாது. இதெல்லாம் மாப்பிள்ளைக்குச் சுலபம். சிக்கலான விதி ஒன்றுதான். கல்யாணமானவர்கள் மனைவியின் சம்மதப் பத்திரம் கொண்டுவர வேண்டும். முந்தின வருஷம் ஒரு துரை விழுந்து காலை ஒடித்துக்கொண்டதும், அவருடைய துரைசாணி கிளப்புக்குள் புகுந்து செக்கரட்டரி மேல் நாற்காலியைத் தூக்கி எறிந்தாராம். அதிலிருந்து இந்த விதி.

ஆவுடை மறுத்துவிட்டாள். நான் தூது போனேன். "அண்ணே, நீ பேசி முடிச்ச சம்பந்தம் இது. ரெண்டு பிள்ளையள வச்சிருக்கேன். அவரு விழுந்தாருன்னா உன் கடை வாசல்ல வந்துதான் உக்காருவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை கெஞ்சவில்லை. "அவ சொன்னா சரிதான் மச்சான்" என்று பத்திரத்தை நாலாக மடித்து என் கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது வண்டியில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே போனார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மைப்புட்டியைத் திறந்தேன். என் இடது கைப் பெருவிரலை முக்கி, ஆவுடையம்மாள் பெயருக்கு மேலே அழுத்தினேன். சாட்சி என்று போட்டுக் கீழே என் கையெழுத்தையும் நானே போட்டேன்.

"தங்கச்சி சம்மதிச்சுட்டா. ஆனா அவகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதேயும். பேச்செடுத்தீருன்னா மனசு மாறிருவா" என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். இவர் வாயைத் திறக்கவில்லை. பத்திரம் இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரும் என்னால் ஒரு வருஷம் இதைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருந்தார்கள்.

விளையாட்டாகச் செய்ததுதான். முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள்தான் எனக்குக் காய்ச்சல் கண்டது. இந்த மனுஷன் விழுந்தால், அனுப்பி வைத்தவன் நான். காகிதத்தில் அவள் பெயர், விரல் என்னுடையது. அவர் வேகமாகப் போகாமல் இருந்தால் போதும் என்று ஒரு வேலை செய்தேன். பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள், சூட்டைத் தாங்கும் என்று. என் கடையில்தான் வாங்குவார். அந்த டின்னில், குளிக்க வருகிறவர்கள் தலையில் தேய்க்க மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

குளத்துக்குள் வண்டி போன இடமெல்லாம் தாளித்த வாசம். பின்னால் வந்தவர்கள் கண் எரிந்து ஒதுங்கினார்கள். எஞ்சின் திணறியது உண்மைதான். ஆனாலும் மூன்றாவதாக வந்து சேர்ந்தார்.

"மச்சான், எஞ்சினைத் தலைமுழுக வச்சிட்டீரு போலுக்கே" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் எஞ்சினைப் பிரித்துக் கழுவினார். டின் மாறிப்போயிற்று என்றேன். நம்பினாரோ என்னவோ, அதன் பிறகு எண்ணெயை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்.

கணவாய் ஓட்டத்தன்று காலையில், உடம்பு கனத்தால் வேகம் குறையும் என்று பதினாறு இட்லி தின்ன வைத்தேன். இரண்டாவது வந்தார். "கனம் இருந்தாத்தான் ஏத்தத்துல பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும். நல்ல யோசனை மச்சான்" என்று என் முதுகில் தட்டினார். வடகரை ஓட்டத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தென்னைமரத்தைக் கட்டிப் பிடித்து நின்றேன். அதிலும் இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி இறங்குகிறபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்று ஓட்டம் முடிந்தபோது மாப்பிள்ளைக்குப் பதினாறு மார்க்கு. ஒரு தடவைகூட முதலாவது வராதவர், எல்லாருக்கும் மேலே நின்றார். அடுத்தவர் ஒரு ஜமீன் வீட்டு இளையவர். முதல் ஓட்டத்தில் ஜெயித்தவர். பிறகு ஒரு தடவை ஐந்தாவது, ஒரு தடவை வழியிலே எஞ்சின் கோளாறு. அவருக்குப் பத்து.

குற்றாலத்துக் கடைசி ஓட்டத்தன்று, முன்னணியில் இருப்பவர்களின் காகிதங்களை மறுபடியும் பார்ப்பது கிளப்பு வழக்கம். செக்கரட்டரி துரை முப்பது வருஷம் தோட்டத்துக் கூலிகளிடம் கைநாட்டு வாங்கிய மனுஷர். பத்திரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கைநாட்டைச் சுற்றி வட்டமாக எண்ணெய் ஊறியிருந்தது.

"இது பொம்பளை வெரல் இல்லே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ, எண்ணெய்க்காரன். கை காட்டு."

நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அதுவே போதுமானதாக இருந்தது.

"மூணு மணிக்குக் கொடி விழும். அதுக்குள்ளே சம்சாரம் வந்து வெரல் வைக்கணும். இல்லே, பதினாறு மார்க்கும் போச்சு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். குதிரைவண்டி பிடித்துத் தென்காசிக்குப் பறந்தேன். ஆவுடை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ மூணு தடவையும் நான்தான் அவரை அனுப்பி வச்சதா எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு."

"அவரு செத்திருந்தாலும் அந்தக் காகிதம் அப்படித்தான் சொல்லியிருக்கும், என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாயிலிருந்து கேலி வராத நாள் அது ஒன்றுதான்.

"கிளம்பு. வாறேன்" என்றாள். "இல்லன்னு சொல்லத்தான் வாறேன்."

குற்றாலத்தில் ஏழு வண்டிகள் கோட்டில் நின்றன. மாப்பிள்ளை ஓரமாகத் தன் வண்டியோடு நின்றார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது. நீ வச்சுட்டேன்னு மச்சான் சொன்னாரு. உன்கிட்ட பேசக் கூடாதுன்னும் சொன்னாரு."

"எண்ணெய்க் கடையில ஒரு கூறுகெட்டவரு சொன்னா, நீங்க கேட்டுக்கிடுவீங்களோ?"

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, வண்டியின் முன்பலகையில் எழுதியிருந்த தன் எண்ணை அழிக்கத் தொடங்கினார். "நீ வண்டியில போ. நான் இதைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வாறேன்" என்றார். கோபமில்லை. ஷெட்டில் வேலை முடிந்து கை துடைப்பாரே, அதே மாதிரி துடைத்தார். பாதி எண் போய்விட்டது.

"நிறுத்துங்க" என்றாள். "எத்தனாவது வந்தா உங்களுக்குப் போதும்?"

அவர் துணியும் கையுமாக விளக்கினார். "எனக்குப் பதினாறு. ஜமீன் தம்பிக்குப் பத்து. அவரு இன்னைக்கு முதலாவது வந்தாலும் பதினெட்டு. நான் நாலாவது வந்தா பத்தொம்பது."

"அஞ்சாவது வந்தா?"

"எனக்கும் பதினெட்டாயிரும். சமமா நின்னா கப்பு அவருக்கு. அவருதான் முதலாவது வந்த ஆளு."

"அப்போ நாலாவது போதும்."

"போதும். மூணாவது வந்தா இன்னும்..."

"மூணாவது வேண்டாம். மூணாவதா போறவருக்கு ரெண்டாவது ஆளு முதுகு தெரியும். முதுகைக் கண்டா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. நாலாவதா வாங்க. முன்னால மூணு பேரு போகட்டும். எங்கன வழுக்குதுன்னு அவங்க விழுந்து காட்டுவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. துரை தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த கைநாட்டு மைப்பெட்டியில் விரலை அழுத்திக்கொண்டு, பத்திரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தினாள்.

"நாலாவதுதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கையடிங்க, வைக்கேன்."

கையடித்தார். அவள் மை அவருடைய உள்ளங்கையில் ஒட்டியது. பத்திரத்திலும் பதிந்தது. துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுதான் பொம்பளை வெரல்" என்றார்.

கொடி விழுந்தது. எட்டுப் பேரும் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளைதான் முதலில் தாவி ஏறினார். ஐம்பது ஐம்பதாக ஏறிப் பழகியவர் அல்லவா? ஆனால் உடனே கைப்பிடி முறுக்கைத் தளர்த்தி மூன்று பேரை முன்னால் போகவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது.

சாரல் பலத்தது. முதல் சுற்றில் இரண்டு பேர் ஐந்தருவி வளைவில் சறுக்கி வாழைத்தோப்புக்குள் போனார்கள். அடி ஒன்றும் பெரிதில்லை. இரண்டாம் சுற்றில் இன்னும் இரண்டு வண்டிக்குள் தண்ணீர் புகுந்து நின்றுபோயின. மீதி நாலு. ஜமீன் இளையவர் முன்னால், தோட்டத்துச் சின்னத்துரை அடுத்து, மூன்றாவதாக ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், நாலாவதாக மாப்பிள்ளை. டிரில் மாஸ்டர் நல்ல சரீரம். அந்த வருஷம் ஒரு ஓட்டத்திலும் அவர் கோட்டைத் தொட்டதில்லை.

கடைசிச் சுற்றில் ஜமீன் இளையவர் முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முதல் ஆள் வந்து பத்து நிமிஷத்துக்குள் வராதவர்களுக்கு மார்க்குக் கிடையாது. அதோடு கொடியைச் சுருட்டிவிடுவார்கள். சின்னத்துரை இரண்டாவதாக வந்தார். பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. நம் மாப்பிள்ளை.

"மூணாவது! மூணாவது!" என்று கூட்டம் கத்தியது.

அதைக் கேட்டார். கோட்டுக்குப் பத்து முழம் இருக்கும்போது பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டார்.

நான் கயிற்றோரமாக ஓடினேன். "என்னவே செய்யுதீரு? ஏறும்வே!"

"பின்னால யாரு வருதா மச்சான்?"

"ஒருத்தனும் இல்ல. எல்லாவனும் வாழைத்தோப்புல கெடக்கான்."

"டிரில் மாஸ்டர் வருதாரு. செயின் அறுந்துபோச்சு. தள்ளிக்கிட்டு வருதாரு. ஏத்தத்துல பார்த்தேன்."

"அவரு வந்து சேருகதுக்குள்ள கொடியைச் சுருட்டிருவான்வே!"

"நாலாவதுன்னு கையடிச்சிருக்கேன்" என்று உள்ளங்கையைக் காட்டினார். மழையில் மை வழிந்துகொண்டிருந்தது.

தங்கையிடம் ஓடினேன். "ஏட்டி, போதும்னு ஒரு வார்த்தை சொல்லு. மூணாவதா வந்தா என்ன குடி முழுகிப் போகும்? சத்தியத்தை விட்டுக் கொடுத்துட்டேன்னு சொல்லு!"

அவள் ரஸ்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நனைந்து ஒட்டியிருந்தது. "நான் இன்னைக்கு விட்டுக் கொடுத்தா, அடுத்த தடவை அவரை எதைச் சொல்லி நிறுத்துவேன் அண்ணே?" என்றாள்.

நான் கயிற்றோரத்துக்கே திரும்பி வந்தேன்.

ஐந்து நிமிஷம் போயிற்று. மாப்பிள்ளையின் எஞ்சின் மழையில் ஒரு தடவை இருமி அணைந்துவிட்டது. ஆறு. ஏழு. அப்போது திருப்பத்தில் டிரில் மாஸ்டர் தெரிந்தார். வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் கை கொடுக்கக் கூடாது, கை பட்டால் அவர் கணக்கில் இல்லை. அதுவும் விதி.

ஆவுடை கயிற்றுக்குக் கீழே குனிந்து ரஸ்தாவோரம் ஓடினாள். வேகம் என்ற சொல்லையே வீட்டில் சொல்லவிடாத என் தங்கை, ஊரே கேட்கும்படி கத்தினாள்.

"வேகமா வாங்க அண்ணாச்சி! காலை எட்டிப் போடுங்க! பள்ளிக்கூடத்துப் பிள்ளையள மட்டும் விரட்டத் தெரியுதுல்லா? லெப்ட், ரைட்! லெப்ட், ரைட்!"

கூட்டம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. டிரில் மாஸ்டர் லெப்ட் ரைட்டுக்குக் கால் போடத் தொடங்கினார். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாகவே எழும்பியது. மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏன் நிக்கீரு சுடலை? மண்டையில கிண்டையில அடிபட்டுட்டா?"

"ஒண்ணுமில்ல சார். நீங்க முன்னால போங்க. நான் வாறேன்."

"நீர் போமய்யா, மரியாதை எல்லாம் எதுக்கு?"

"சார், உங்க காலைத் தொட்டுக் கும்பிடுதேன். போங்க!"

துரை கொடியைச் சுருட்டக் கையைத் தூக்கினார். டிரில் மாஸ்டர் கோட்டைக் கடந்து வண்டியோடு அப்படியே சாய்ந்து விழுந்தார். அடுத்த மூச்சில் மாப்பிள்ளை, செத்துப்போன எஞ்சினைத் தள்ளிக்கொண்டு நடந்தே கோட்டைத் தாண்டினார். நாலாவது. துரை கடிகாரத்தை எங்களுக்குத் திருப்பிக் காட்டினார். இருபது விநாடி பாக்கி இருந்தது.

ஜமீன் ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். நடு வழியில் நிற்பது எந்த ஊர் விதி என்றார்கள். துரை விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் புரட்டினார். திரும்பிப் போகக் கூடாது, பிறர் உதவி வாங்கக் கூடாது என்று இருந்தது. நிற்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஜமீன் இளையவர் பெரிய மனசு உள்ளவர். தன் ஆட்களை அடக்கிவிட்டு, மாப்பிள்ளையின் மைக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் வெள்ளைக் கையுறை கறுத்துப்போயிற்று.

நான் அப்படியே ரஸ்தாவில் உட்கார்ந்துவிட்டேன். கப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மாப்பிள்ளை முழுசாக வந்துவிட்டார். நான் அனுப்பிய ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல் இருந்தது. ஆவுடை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விரலை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வா அண்ணே. சோறு போடுதேன்" என்றாள்.

மறு வருஷம் யாரும் கேட்காமலே அவள் விரல் வைத்தாள். ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை. "இந்தத் தடவை மூணாவது" என்றாள். அதற்கடுத்த வருஷம் இரண்டாவது. அதற்கும் அடுத்த வருஷம் என்ன சொல்லியிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குள் யுத்தம் வந்து பெட்ரோலை எடுத்துக்கொண்டு போயிற்று. கிளப்பும் கலைந்தது. "ஒரு தடவை முதலாவது வந்திருக்கலாம்லா?" என்று ஒருநாள் கேட்டேன். மாப்பிள்ளை, கரி பஸ் அடுப்பை ஊதிக்கொண்டே, "முதலாவது வந்தா முன்னால பார்க்கதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க மச்சான். போரடிக்கும்" என்றார். மனசுக்குள் ஆசை இருந்திருக்கும். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கப்பில் ஆவுடை கடுகு போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கடுகில்தான் பதினாறாம் நாள் குழம்பும் தாளிக்கப்படும்.

டிரில் மாஸ்டர் சுடுகாடு வரைக்கும் வந்தார். தள்ளாத வயசு. தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே மூன்றாவது இடத்தைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பாடையை எடுக்கும்போது யாருக்கும் கேட்காமல் லெப்ட் என்றார். எனக்குக் கேட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஷெட்டுத் தோழர்களே, அவருடைய ஸ்பானர்களை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வண்டி என் மருமகனுக்கு, அதுவும் அவன் அம்மாவின் கைநாட்டு இருந்தால்தான். நான் எடுத்துக்கொண்டது அந்தப் பத்து முழம் தூரத்தைத்தான். கோடு கண்ணுக்கு முன்னால் இருக்க, இரண்டு காலையும் ஊன்றி நின்று, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாரே, அதைத்தான்.

நேற்று பேரருவியில் நல்ல கூட்டம். நெருக்கித் தள்ளித் தண்ணீருக்கு அடியில் போய்ச் சேர எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. முழங்கையால் இடித்து முன்னேறுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் முறை வந்தபோது நின்றேன். திரும்பிப் பார்த்தேன். ஒருவர் கைத்தடியோடு வந்தார். அவரை முன்னால் விட்டேன். அடுத்து ஒருவர், இடுப்பில் குழந்தையோடு. அவரையும் விட்டேன். மூன்றாவதாக ஒரு தடியன் வந்தான். எண்ணெய் மினுமினுக்க நின்று, "பெரியவரே, ஏன் நிக்கீரு? குளிக்கலையா?" என்றான்.

"நீயும் போலே. நான் பின்னால வாறேன்" என்றேன்.

அவன் குளித்து முடித்து வந்தான். நான் உள்ளே போனேன். தண்ணீர் நன்றாகத்தான் விழுந்தது.